பதக்கத்தைப் பளபளப்பாக்காதீர்கள்
"பெட்டியில் வைக்கும் முன் பதக்கங்களைப் பாலிஷ் போட்டு மின்னச் செய்யுங்கள்" என்று பழைய போர்ப் பதக்கங்களைப் பாதுகாப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தாத்தாவின் அண்ணன் முதல் உலகப் போரில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தை, கறுத்துவிட்டதே என்று சிறுவயதில் நானே பல தடவை தேய்த்திருக்கிறேன். 1914-18 பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அது. வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அதன் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அவர் எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருந்த படையில், ஆவணங்களில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த எண்தான் வழி. அதை என் கையாலேயே அழித்துவிட்டேன். வெள்ளியின் கறுப்பு அழுக்கல்ல, காற்றிலுள்ள கந்தகத்தால் படிவது. அதை அப்படியே விட்டுவிட்டு, அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் வேண்டவே வேண்டாம், இரண்டுமே உலோகத்தைக் கெடுக்கும். பதக்கம் தொங்கும் துணி நாடாவை வெயில் படாமல் வையுங்கள், நைந்திருந்தாலும் மாற்றாதீர்கள். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், தன்னிடமுள்ள 1939-45 நட்சத்திரப் பதக்கத்தில் பெயர் இல்லாததால் அது போலி என்று முடிவுகட்டியிருக்கிறார். அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள் ஐயா! இரண்டாம் உலகப் போரின் அந்த நட்சத்திரங்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வீரர்களுக்குத்தான் பொறித்துக் கொடுத்தார்கள். அது யாருடையது என்று அறிய, கூடவே அந்த வீரரின் சம்பளப் புத்தகமோ பதக்கம் வந்த அட்டைப்பெட்டியோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.