11 நிமிடத்தில் 312 பக்கம்

மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்த நாவலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடிஎஃப் ஆக்கி, நெருங்கிய தோழி ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 312 பக்கம். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன், மறுபடி நிமிர்த்திப் பார்த்தேன், நீல டிக் விழுந்திருந்தது. 11 நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. "சூப்பர்டி! செம்மயா இருக்கு. புக் எப்போ?" கூடவே மூன்று கைதட்டல்.

அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலைக்குப் போகிறவள், வீட்டில் முடியாத மாமியார், பத்தாவது படிக்கிற பையன். நான் கேட்ட விதம்தான் தப்பு. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்கிறவளிடம், முந்தி சரியில்லை என்று எந்தத் தோழி சொல்வாள்? "படிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்பதும் அதே கேள்விதான். "நல்லா இருக்கு" என்ற பதிலையும் நாமே சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டோம். அச்சுக்குப் போகும் முன் அதை உட்கார்ந்து படித்து, "இந்த இடம் பொய்" என்று சொல்கிறவர்கள்தான் இல்லை. அப்படி ஓர் ஆளைத் தேட வேண்டும் என்ற நினைப்பும் நமக்கு இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். ஜூலை கடைசியும் செப்டம்பர் கடைசியும் எங்களுக்கு மூச்சு விட முடியாத காலம், அந்த மாதங்களில் நாவல் ஒரு வரி நகராது. மற்ற நாட்களில் காலை நாலரைக்கு எழுந்து, சாப்பாட்டு மேஜையில், குக்கர் வைக்கிற நேரம் வரைக்கும் எழுதுவேன். வீட்டுக்காரர் ரொம்ப நாள் அதை ஆபீஸ் வேலை என்றே நினைத்திருக்கிறார். "இன்னும் கணக்கு முடியலையா?" என்பார். முடியவில்லை என்பேன். பொய் இல்லையே.

முதல் 80 பக்கத்தைப் பழைய ஃபாண்ட் ஒன்றில் அடித்துவைத்திருந்தேன். யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்துபோய், ஒவ்வொரு சொல்லாகத் திருத்த இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் வேறொன்றும் நடந்தது. எழுத்தை எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போனதில், கதையைப் பார்க்கிற கண்ணே எனக்குப் போய்விட்டது. ஒற்று மிகுமா மிகாதா என்று மட்டும் கண் ஓடுகிறது. நம்மில் பலர் எடிட்டிங் என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். நாவலை யாரிடமாவது கொடுத்தால் "47-ஆம் பக்கத்தில் ஒரு 'ப்' விட்டுப்போச்சு" என்று சொல்வார்கள். மெய்ப்புப் பார்ப்பது அவசியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 47-ஆம் பக்கமே வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வேண்டுமே?

எடிட்டர் என்றதும் தமிழில் உடனே நினைவுக்கு வரும் பெயர் க்ரியா ராமகிருஷ்ணன். 1974-இல் பதிப்பகம் தொடங்கியவர், 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. இத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழியில் எடிட்டர் என்றால் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பெயர் வருகிறது என்பது அவருக்குப் பெருமை, நமக்கு அப்படி இல்லை.

ஒரு காலத்தில் இதற்கு வேறு வழி இருந்தது. நாவல்கள் பத்திரிகையில் தொடராக வந்தன. முதலில் ஆசிரியர் குழுவில் யாரோ ஒருவர் படித்தார், அப்புறம் வாரா வாரம் வாசகர் படித்தார்கள், கடிதம் போட்டார்கள், திட்டினார்கள். புத்தகமாவதற்குள் கதை நாலு பேர் கண்ணில் பட்டுத் தேய்ந்திருக்கும். அதற்காக வாரக் கடைசியில் ஒரு திடுக் வைக்க வேண்டிய கெடுதலும் இருந்தது என்று சொல்வார்கள், சரி. ஆனால் யாரோ படித்தார்கள். இப்போது லேப்டாப்பிலிருந்து நேரே அச்சகம். 50 பிரதிகூடப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனபிறகு, "இருங்க, இது இன்னும் ஆகலை" என்று தடுத்து நிறுத்த யாருக்கும் காரணம் இல்லை.

அதிலும் இந்த ஜனவரி ஜுரம் இருக்கிறதே! சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் கையில் புத்தகத்தோடு ஒரு போட்டோ. எனக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். போன வருடம் ஒரு பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் என்ன கதை என்று கேட்கவில்லை. எத்தனை பக்கம் என்று கேட்டார். சொன்னேன். "200 காப்பி நீங்க எடுத்துக்கிட்டா ஜனவரிக்கு ரெடி பண்ணிடலாம் மேடம்" என்றார். யார் படித்துப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நீங்க ஃபைனல் பண்ணிக் கொடுத்துடுங்க." கல்யாண மண்டபம் புக் செய்வது இதைவிடக் கஷ்டம்.

தமிழின் முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சானது. முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதை 1857-இலேயே எழுதிவிட்டார் என்பார்கள். 22 வருடம் கைப்பிரதியாகவே இருந்திருக்கிறது. அவ்வளவு நாள் ஊறப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அக்டோபரில் முடித்ததை ஜனவரிக்குள் புத்தகமாக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று தோன்றும்போதெல்லாம் அந்த 22-ஐ நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். நாவல் 1998-இல் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மாவும் பெரியம்மாவும் அங்கே கட்டை அடுக்கப் போனவர்கள், அதாவது மருந்தில் முக்குவதற்கு முன் குச்சிகளைக் கட்டையில் வரிசை வரிசையாக அடுக்குகிற வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுத் திண்ணையில் நானும் பெட்டி ஒட்டியிருக்கிறேன், விரலில் பசை காய்ந்து தோலாக உரியும். ஆக இந்த உலகம் எனக்கு அத்துப்படி என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பெரியம்மா அஞ்சாவதோடு நின்றவள். இப்போது கண்ணும் சரியில்லை. அதனால் வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு ("எம்.ஃபில்லாக்கா?" என்று கேட்டான் கடைப் பையன், ஆமாம் என்றுவிட்டேன்), ஊருக்குப் போய் வாசித்துக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், கருத்துக் கேட்கிற எண்ணம் இல்லை. பெரியம்மா அழுவாள், நான் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

மூன்றாவது அத்தியாயம். மாரியும் புஷ்பமும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டை அடுக்குகிறார்கள். புஷ்பத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை மாரி மனதில் வைத்திருந்த ஆள். நாலு பக்கம் எழுதியிருந்தேன். கந்தக வாசம் காற்றில் மிதந்தது, அந்த வாசம் அவள் துக்கத்தைப் போல நெஞ்சில் ஏறியது என்றெல்லாம். எனக்கே பிடித்த பக்கங்கள். குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் வாசித்தேன்.

பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, இம்புட்டு நேரமா ரெண்டு பேரும் பேசிட்டே இருக்காளுகளே, கை என்ன செய்யுது?"

"கையா?"

"ஆமா. கட்டை அடுக்குறவ வாயி பேசும், கை நிக்குமா? கட்டைக் கணக்குக்குத்தான கூலி. நீ பாட்டுக்கு ரெண்டு பேரையும் சும்மா உக்கார வச்சிருக்க."

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் விடவில்லை.

"அப்புறம் இந்தக் கந்தக வாசம் எங்க இருந்து வந்துச்சு? மருந்து முக்குற இடம் தனி ஷெட்டுல்ல. தீப்பிடிச்சிரும்னு தள்ளித்தான் வச்சிருப்பான். நாங்க அடுக்குனது மொட்டைக் குச்சி. அதுல குச்சி வாசந்தான் வரும்."

அதோடு ஏழாவது அத்தியாயத்தில் டீக்கடைக்காரரிடம் ஒருவர் ஒரு ரூபாய் கொடுத்துத் தீப்பெட்டி வாங்கி மிச்சம் வாங்காமல் போகிறார். "எட்டணாதான அப்போ?" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். தீப்பெட்டி 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாயானது 2007-இல். இரண்டு ரூபாயானது 2021 டிசம்பரில். தீப்பெட்டி ஆபீஸைப் பற்றி 312 பக்கம் எழுதியவளுக்கு 1998-இல் தீப்பெட்டி என்ன விலை என்று தெரியவில்லை!

விலை சின்ன விஷயம், ஒரு நிமிடத்தில் திருத்திவிட்டேன். அந்தக் கை விஷயம்தான் தூங்கவிடவில்லை. பசை உரிந்த விரல்களோடு வளர்ந்தவள் நான். எழுத உட்கார்ந்ததும் அந்தக் கைகளை மறந்துவிட்டு, படித்த நாவல்களிலிருந்து துக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன். மறுபடி எழுதினேன். புஷ்பம் விஷயத்தைச் சொல்கிறாள். மாரி ஒன்றும் சொல்லவில்லை, கை பாட்டுக்கு ஓடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு வரிசை முழுக்கக் கோணல். எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்குகிறாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு கட்டை குறைவு. நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. கந்தகமும் போய்விட்டது, கொஞ்சம் வலித்தது.

இதை வைத்து, படிக்காதவர்களே சிறந்த வாசகர்கள் என்று யாரும் பின்னூட்டத்தில் கொடி பிடிக்க வேண்டாம். பெரியம்மா பதிமூன்றாவது அத்தியாயத்தில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டாள், அது அத்தியாயத்தின் குறையா மத்தியானச் சாப்பாட்டின் வேலையா என்று இன்னும் தெரியவில்லை. நாவலின் அமைப்பு, கால வரிசை இதெல்லாம் அவளிடம் கேட்க முடியாது. ஆனால் என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லாமல், கதைக்குள் இருக்கிற வேலையைத் தெரிந்த ஒருத்தி கேட்டாள். முதல் வாசகருக்கு இந்த இரண்டும் போதும் என்பது என் கட்சி.

எழுதுகிற நண்பர்களிடம் முதலில் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒருவரிடம் கொடுத்தேன். நிஜமாகவே முழுக்கப் படித்தார், அதற்குக் கடைசி வரை நன்றி சொல்வேன். ஆனால் அவர் சொன்ன திருத்தம் எல்லாவற்றையும் செய்தால் அது அவருடைய நாவலாகிவிடும். மாரி நகரத்துக்கு ஓடிப்போக வேண்டும் என்றார். ஏன் ஓட வேண்டும்? அவர் நாவல்களில் எல்லோரும் ஓடுகிறார்கள்.

சொந்தக்காரர்கள் இன்னொரு வகை. சித்தப்பா பையன் ஒருவன் "அந்தக் குடிகாரர் எங்கப்பாதான?" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் பேசவில்லை. அது அவன் அப்பா இல்லை. (என் அப்பா.)

அப்புறம், "யாராவது கதையைத் திருடிட்டா?" என்று கேட்கிறவர்களுக்கு: நம் நாட்டுச் சட்டப்படி எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையதுதான், பதிவு செய்தால்தான் உண்டு என்பது இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் பதிவு செய்துகொள்ளலாம். 312 பக்கத்தைப் படிக்கவே ஆள் இல்லாத ஊரில் திருட யார் வரப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், மறுபடி எடுக்க எத்தனை நாள் ஆனது, எந்த ஆளின் பெயர் மறந்துபோனது, இவ்வளவுதான் கேட்கிறேன். இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் சங்கடம் இல்லை. "62-ஆம் பக்கத்தில் வச்சேன், அப்புறம் எடுக்கலை" என்று ஒரு ஆபீஸ் அண்ணன் சொன்னார். போய்ப் பார்த்தேன், 62-இல் நான் ஊர் வரலாறு சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். அந்த ஒன்பது பக்கம் இப்போது இல்லை.

எனவே இந்த ஜனவரியில் நாவல் வராது. கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

மூன்று பேர் வேண்டும். எழுதுகிறவர்கள் வேண்டாம், கோபிக்காதீர்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், அல்லது அப்படி ஒருவர் வீட்டில் வளர்ந்தவர் ஒருவராவது இருந்தால் நல்லது. பிடிஎஃப் அனுப்பமாட்டேன், ஸ்பைரல் போட்டு பார்சலில் வரும், கூடவே ஒரு பென்சிலும். கீழே வைக்கிற இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும். முகவரியை இன்பாக்ஸில் சொல்லுங்கள். இப்போது 271 பக்கம்தான்.