நாய்க்குத் திராட்சைத் தண்ணீர் மருந்தல்ல

"நாய்க்குக் கிட்னி கோளாறா? உலர்திராட்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொடுங்கள்" என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

திராட்சையே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. மிஞ்சிய புளிசாதத்தைத் தட்டில் போடுகிறவர்கள் கவனிக்கவும். எத்தனை பழம்வரை ஆபத்தில்லை என்று கணக்குச் சொல்ல முடியாது.

பெரும்பாலும் முதல் நாளே வாந்தி வரும். வாசலுக்கு ஓடிவரும் நாய் மூலையில் சுருண்டு படுக்கும். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் நின்றே போகலாம். தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் முதலில் போன் செய்துவிட்டு மலையிறங்குங்கள்.