நியூ டீலுக்கு ஒரே மார்க் போட முடியாது

1930களின் பெருமந்தம் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த ‘நியூ டீல்’ என்ற மீட்புத் திட்டங்கள்தான் அமெரிக்காவைக் கரையேற்றின என்பது ஒரு கட்சி. அதெல்லாம் வெறும் பேச்சு, இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் ஜனங்களுக்கு வேலை கிடைத்தது என்பது எதிர்க்கட்சி. இரண்டு தரப்பும் நியூ டீலை ஒரே திட்டமாக நினைத்து மார்க் போடுகின்றன. உண்மையில் அந்தப் பெயருக்குள் ஒன்றோடொன்று மோதுகிற பல சட்டங்கள் இருந்தன. ஒரு சட்டம் பணத்தைப் புழங்கவிட்டது, இன்னொன்று உற்பத்தியை வெட்டியது. ஒன்று கூலி கொடுத்தது, இன்னொன்று கூலியில் பிடித்தம் செய்தது. அதனால் எந்தத் திட்டத்தின் காசு யார் கைக்கு, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது, எப்போது நிறுத்தப்பட்டது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் கணக்கில் முதலிடம் வங்கிக்கும் தங்கத்துக்கும் கடனுக்கும் செய்த வைத்தியத்துக்கு. கடைசி இடம் விலையை ஏற்றுவதற்காக உற்பத்தியைக் குறைத்த சட்டங்களுக்கு.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடுவோம். 1929க்கும் 1933க்கும் நடுவில் அமெரிக்காவின் உற்பத்தி கால் பங்குக்கு மேல் விழுந்தது. விலைவாசியும் ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. வேலை தேடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. விலை இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். கடன் வாங்கியவருக்கு அது தூக்குக் கயிறு. 1929இல் பருத்தி ஒரு பவுண்டு 17 சென்ட் அளவில் விற்றது. 1,000 டாலர் கடனை அடைக்க சுமார் 5,900 பவுண்டு பருத்தி போதும். 1932இல் விலை 6.5 சென்ட். அதே 1,000 டாலருக்கு இப்போது 15,400 பவுண்டு வேண்டும். நிலம் அதேதான், மழையும் அதேதான், ஆனால் கடன் இரண்டரை மடங்கு. விவசாயி கட்ட முடியாமல் விட்டதும் அவருக்குக் கடன் கொடுத்த ஊர் வங்கி கவிழ்ந்தது. வங்கி கவிழ்ந்ததும் அதில் சேமிப்புப் போட்டிருந்த கடைக்காரர் கவிழ்ந்தார்.

ரூஸ்வெல்ட் பதவியேற்றது 1933 மார்ச் 4. மார்ச் 6ஆம் தேதி நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடச் சொல்லி உத்தரவு போட்டார். 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. அடுத்து செய்ததுதான் நுணுக்கமான வேலை. வங்கிகளைத் தரம் பிரித்தார்கள். திடமானவை உடனே திறக்கலாம், தூக்கி நிறுத்தக்கூடியவற்றுக்கு முதலீடு கொடுக்கலாம், தேறாதவற்றை மூடிவிடலாம். 12ஆம் தேதி ஞாயிறு இரவு ரூஸ்வெல்ட் ரேடியோவில் வந்து, வங்கி என்றால் என்ன, உங்கள் பணத்தை அது என்ன செய்கிறது, எந்த ஊரில் எந்த நாள் திறக்கும் என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் விளக்கினார். திங்களன்று ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்காவின் மத்திய வங்கி) அமைப்பின் வங்கிகள் இருக்கும் 12 நகரங்கள், செவ்வாயன்று வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைக் கணக்குத் தீர்க்கும் காசோலைத் தீர்வகம் உள்ள நகரங்கள், புதன் முதல் மற்ற ஊர்கள். மெத்தைக்கு அடியில் பணத்தை ஒளித்துவைத்திருந்தவர்கள் அதைத் திரும்பக் கட்ட வரிசையில் நின்றார்கள். 15ஆம் தேதி பங்குச் சந்தை திறந்தபோது டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதம் ஏறியது. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருடைய வைப்புத்தொகையில் 2,500 டாலர் வரை காப்பீடு. அந்த வருஷம் காப்பீடு பெற்ற வங்கிகளில் கவிழ்ந்தவை வெறும் 9. மொத்த நியூ டீலிலும் செலவுக்கு மேல் பலன் தந்தது இந்தக் காப்பீடுதான் என்பேன். இத்தனைக்கும் ரூஸ்வெல்ட்டுக்கே ஆரம்பத்தில் அதில் விருப்பம் இல்லை.

அடுத்தது தங்கம். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டாலர் ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 20.67 என்று கட்டப்பட்டிருந்தது. தங்கம் வெளியே போனால் வட்டியை ஏற்றித்தான் தடுக்க வேண்டும். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்ததை விட்டதும் ஃபெடரல் ரிசர்வ் அதைத்தான் செய்தது. அக்டோபரில் சில நாட்களுக்குள் 1.5 சதவீத வட்டி 3.5 ஆனது. ஊரெல்லாம் வங்கிகள் சாகும் நேரத்தில்! ரூஸ்வெல்ட் 1933 ஏப்ரலில் அந்தக் கட்டை அவிழ்த்தார். 1934 ஜனவரியில் தங்கத்தின் விலை 35 டாலர் என்று சட்டமானது. ஐரோப்பாவின் அரசியல் பயத்தாலும் சேர்ந்து தங்கம் அமெரிக்காவுக்குக் கொட்டியது, புழக்கத்தில் உள்ள பணம் பெருகியது. 1933 முதல் 1937 வரை உற்பத்தி சராசரியாக வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது பொருளாதார வரலாற்று ஆய்வாளர் கிறிஸ்டினா ரோமரின் முடிவு. மற்ற நாடுகளைப் பார்த்தாலும் இதேதான். 1931இலேயே தங்கத்தை விட்ட பிரிட்டனும் ஜப்பானும் சீக்கிரம் எழுந்தன. 1936 வரை பிடித்துக்கொண்டிருந்த பிரான்ஸ் கடைசிவரை தவித்தது.

வீட்டுக்கடனுக்குச் செய்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அப்போதைய வீட்டுக்கடன் பெரும்பாலும் 5 வருஷம் அல்லது அதற்கும் குறைவு. வட்டி மட்டும் கட்டிவந்து கடைசியில் அசலை மொத்தமாகத் தர வேண்டும், இல்லையென்றால் புதுக் கடனாக மாற்ற வேண்டும். வங்கிகள் மாற்றித்தர மறுத்ததும் வீடுகள் ஜப்திக்குப் போயின. 1933 ஜூனில் தொடங்கிய வீட்டுக்கடன் கழகம் கடன் கொடுத்தவரிடமிருந்து அடமானத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அரசு உத்தரவாதமுள்ள தன் பத்திரங்களைக் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு 5 சதவீத வட்டியில் 15 வருஷத் தவணை, அசலும் வட்டியும் மாதாமாதம் சேர்ந்தே கழியும். சுமார் 10 லட்சம் வீடுகள், 300 கோடி டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் பின்னால் அந்தக் கழகத்திடமே பறிபோயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடன்காரர் பிழைத்தபோது கடன் கொடுத்தவரின் கையிலும் விற்கத்தக்க பத்திரம் இருந்தது. நம் பக்கத்தில் 1938இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தோடு இதை ஒப்பிடலாம். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நிலுவை வட்டி தள்ளுபடி, அசலின் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. நிவாரணம் உண்மையானது, தேவையானது. ஆனால் கடன் கொடுத்தவர் கைக்கு மாற்றாக எதுவும் வரவில்லை. அடுத்த விதைப்புக்கு யார் கடன் தருவார் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. ரூபாயின் மதிப்போ பிரிட்டிஷ் பணத்தில் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கட்டப்பட்டிருந்தது. அதைத் தொட ஒரு மாகாண அரசுக்கு அதிகாரமே கிடையாது.

வேலைத் திட்டங்களில் இரண்டு ரகம். அமைச்சர் ஹரால்ட் இக்கெஸின் பொதுப்பணித் துறைக்கு 330 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஊழல் வரக்கூடாது என்று அவர் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வரிவரியாகச் சோதித்தார். நல்ல அணைகளும் பாலங்களும் வந்தன, ஆனால் முதல் வருஷம் பெரும்பகுதி காகிதத்திலேயே போனது. குளிர்காலம் நெருங்கிய 1933 நவம்பரில் நிவாரணப் பணிகளின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் வேறு வழி பிடித்தார். அவருடைய சிவில் ஒர்க்ஸ் அமைப்பு நேரடியாகவே ஆள் எடுத்தது. பாதிப் பேரை நிவாரணப் பட்டியலிலிருந்தும், மீதிப் பேரை ஏழ்மையை நிரூபிக்கச் சொல்லாமல் பொதுவிலிருந்தும் எடுத்தார்கள். சம்பளம் போடத் தனி அலுவலகம் கட்டிக்கொண்டிருக்காமல், முன்னாள் ராணுவத்தினருக்குப் பணம் அனுப்பும் நிர்வாகத்தின் ஏற்பாட்டையே பயன்படுத்தினார்கள். ஜனவரி நடுவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். சாலை, பள்ளிக்கூடம், சாக்கடை என்று சின்னச் சின்ன வேலைகள்தான். அழகான திட்டமா, வேகமான திட்டமா என்று கேட்டால், பசி நேரத்தில் வேகத்துக்குத்தான் என் ஓட்டு. செலவு பயமுறுத்தியதால் 1934 மார்ச் இறுதியோடு அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

இனி தோற்றுப்போனவை. 1933இன் விவசாயச் சரிசெய்தல் சட்டம் பயிரைக் குறைத்தால் பணம் என்றது. சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை விளைந்து நிற்கும்போதே உழுது அழித்தார்கள், 60 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். விலை ஏறியது, நிலக்காரர் பிழைத்தார். தெற்கு மாநிலங்களில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, அடுத்தவர் நிலத்தில் பயிரிட்டவர்களுக்கு என்ன ஆனது? காசோலை நிலக்காரர் பெயருக்குத்தான் வந்தது. பங்கு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், பழைய கடனில் கழித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் கேட்பாரில்லை. சாகுபடிப் பரப்பு குறைந்ததும் இத்தனை வாரக்காரர்கள் எதற்கு என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். 1934இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாரக்காரர் சங்கம் தொடங்கியது இந்த வெளியேற்றத்தால்தான். தொழில் துறைக்கு வந்த தேசிய மீட்புச் சட்டமும் அதே தவறுதான். 500க்கு மேற்பட்ட தொழில்களுக்கு விலையும் கூலியும் விதியாக்கப்பட்டன. பெரிய முதலாளிகள் உட்கார்ந்து எழுதிய விதிகளில் சின்னவர்கள் மாட்டினார்கள். ஜெர்சி சிட்டியில் ஒரு கோட்டுக்கு இஸ்திரி போட 40 சென்ட் வாங்க வேண்டும் என்று விதி இருக்க, 35 சென்ட் வாங்கிய தையல்காரருக்கு 1934இல் சிறைத் தண்டனையே கிடைத்தது. 1935 மே 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றார்கள். நான் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடமாட்டேன்.

1937தான் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. முந்தைய வருஷம் உற்பத்தி 13 சதவீதம் போல வளர்ந்திருந்தது. அதற்குப் பெரிய உந்துதல் முன்னாள் ராணுவத்தினருக்குக் கொடுத்த சுமார் 170 கோடி டாலர் போனஸ். ரூஸ்வெல்ட் அதை எதிர்த்து வீட்டோ போட்டும் நாடாளுமன்றம் மீறி நிறைவேற்றியது. பிறகு எல்லோரும் சேர்ந்து பிரேக் போட்டார்கள். போனஸ் ஒரு முறையோடு முடிந்தது. வேலைத் திட்டத்துக்கான ஒதுக்கீட்டை வெட்டினார்கள். 1937 ஜனவரியில் சமூகப் பாதுகாப்பு வரிப் பிடித்தம் தொடங்கியது. ஃபெடரல் ரிசர்வ் 1936 ஆகஸ்ட் முதல் 1937 மே வரை மூன்று தவணையில் வங்கிகளின் கட்டாய இருப்பை, அதாவது வைப்புத்தொகையில் கடன் கொடுக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டிய பங்கை, இரட்டிப்பாக்கியது. நியூயார்க், சிகாகோவின் பெரிய வங்கிகளுக்கு 13 சதவீதம் 26 ஆனது. கருவூலம் வருகிற தங்கத்தைப் புழக்கத்துக்கு விடாமல் முடக்கியது. ஒரு வருஷத்தில் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு போல விழுந்தது. 1937இல் 14 சதவீதமாக இறங்கியிருந்த வேலையின்மை மறுபடி 19 ஆனது. அரசு வேலைத் திட்டத்தில் இருந்தவர்களையும் வேலையில் உள்ளவர்களாக எண்ணினால் அது 9இலிருந்து 12.5. இரண்டு கணக்கிலும் விழுந்தது விழுந்ததுதான். 1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் சுமார் 300 கோடி டாலர் கூடுதல் செலவுக்குக் கேட்ட பிறகுதான் மறுபடி ஏற்றம்.

போர்தான் தீர்த்தது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். போர் என்பது தயக்கமில்லாமல் செய்த அரசுச் செலவு. நியூ டீல் காலத்தில் வாஷிங்டன் செலவழித்ததில் பெரும்பகுதியை மாநிலங்களும் நகராட்சிகளும் வரியைக் கூட்டி, செலவைக் குறைத்து விழுங்கிவிட்டன. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அரசுச் செலவால் கிடைத்த உந்துதல் மிகச் சொற்பம் என்று பொருளாதார அறிஞர் கேரி பிரவுன் 1956இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மருந்தின் அளவு போதவில்லை, அதையும் பாதியில் நிறுத்தினார்கள். அதை வைத்து மருந்தே பொய் என்பது நியாயமில்லை.

1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நான் மதிக்கிறேன். வேலை போனால் தானாகக் காசு வரும், நாடாளுமன்றம் ஒவ்வொரு முறையும் கூடி முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது மந்தத்துக்கு மருந்தாக வரவில்லை. வேலையின்மைக் காப்பீட்டில் மாநிலங்கள் இரண்டு வருஷம் வரி வசூலித்த பிறகே கொடுக்கலாம் என்று விதி. அதனால் 1937 வீழ்ச்சியின்போது பெரும்பாலான மாநிலங்களில் பணம் உள்ளே போனது, வெளியே வரவில்லை. முதியோருக்கான மாதாந்தர ஓய்வூதியம் தொடங்கியது 1940 ஜனவரியில். விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சட்டம் ஒட்டுமொத்தமாக ஒதுக்கியது. கறுப்பினத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். பருத்தி நிலத்திலிருந்து துரத்தப்பட்ட வாரக்காரர்களில் பலரும் கூலிகளாகி இந்தக் கணக்கில்தான் வந்து சேர்ந்தார்கள். 1950, 1954 திருத்தங்கள் வரும்வரை அவர்களில் மிகப் பலருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.