இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்கும் ஸ்கிராட்ச்

கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் கணினி மொழியான ஸ்கிராட்ச்சைச் சொல்லித்தர உதவும் இணையப் பாடங்களைத் தொகுத்து ஒரு கட்டுரையாகக் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரை சொல்லும் எல்லாவற்றுக்கும் நெட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக் கிராமங்களில் அது நடக்கிற காரியமா? ஸ்கிராட்ச்சை ஒரு முறை டவுன்லோட் செய்து பென் டிரைவில் எடுத்துப் போய் நெட் இல்லாத லேப்டாப்பிலும் போடலாம், காசும் கிடையாது. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பாலக்கோட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் சொல்லித்தருகிறேன். வீடியோ காட்டினால் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஸ்கிராட்ச் திரையில் நிற்கும் பூனைப் பொம்மையைக் காட்டி, 'பூனையை முக்கோணம் போட வை' என்றால் விடவே மாட்டார்கள். பேனா கட்டளைகளைச் சேர்த்து, 100 அடி நகர், 60 டிகிரி திரும்பு, மூன்று முறை என்று அடுக்குவார்கள். கோடு மூடாமல் வாயைப் பிளந்து நிற்கும். ஏன் என்று ஒருவரே எழுந்து தரையில் நடந்து பார்ப்பார். திரும்ப வேண்டியது உள்கோணம் இல்லை, வெளிக்கோணம், அதாவது 120 என்று அப்போதுதான் பிடிபடும். அப்புறம் 144 கொடுத்து ஐந்து முறை ஓடவிட்டு நட்சத்திரம் போடுவார்கள். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கிய சீமோர் பேப்பர்ட் குழுவினர் நினைத்ததும் இதைத்தான்: பிள்ளை தன் உடம்பை வைத்தே வடிவியலை யோசிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்திலேயே ஸ்கிராட்ச் இருக்கிறது. கடைசிப் பாடம் என்பதால் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஆசிரியர்கள் தயவுசெய்து அதை லேபில் வைத்து நடத்துங்கள். தமிழில் அச்செடுத்துக் கொடுக்கும்படியான பயிற்சித் தாள்கள் யாரிடமாவது இருந்தால் இங்கே பகிருங்கள்.