ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யார் சொல்வது?

மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில், நெடுஞ்சாலை ஓரத்தில், பனியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பிக்கப் டிரக்கின் அடிவயிற்றைச் சுத்தியலால் அடித்திருக்கிறீர்களா? நான் அடித்தேன். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். மினசோட்டாவில், டுலூத் போகும் 35ஆம் எண் நெடுஞ்சாலையில், போன ஜனவரியில். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

முதலில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் எரியும் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குதிரை லாடம் போல ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைகிறது என்று பொருள். அக்டோபரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) வைத்த டயர் ஜனவரியில் 28க்கு இறங்கிவிடும். வெப்பநிலை 10 டிகிரி பாரன்ஹீட் குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும் என்பது கணக்கு. மெல்லக் கசிவதையும் சேர்த்தால் விளக்கு எரியும் எல்லைக்கு வந்துவிடும். எனவே காலையில் எரியும், பத்து மைல் ஓடி டயர் சூடானதும் அணையும். காற்றுப் பிடித்தேன். அடுத்த வாரம் குளிர் இன்னும் இறங்கியது, மறுபடியும் எரிந்தது. அன்றும் குளிர்தான் என்று நினைத்துக் கிளம்பினேன். அன்று ஆணி. குளிருக்கும் ஆணிக்கும் ஒரே விளக்கு, ஒரே மஞ்சள். எந்தச் சக்கரம் என்றுகூட என் வண்டி சொல்லாது. "அப்பா, நேற்றும் இது எரிந்ததே?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

வலது பின் டயர் உட்கார்ந்துவிட்டது. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று இறங்கினேன்.

காரில் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி கையில் வந்துவிடும். பிக்கப்பில் அது சரக்குத் தட்டுக்கு அடியில், ஒரு கம்பிவடத்தில் தொங்குகிறது. மூன்று கம்பிகளை ஒன்றோடொன்று செருகி, பின் பம்பரில் உள்ள துளைக்குள் விட்டு, உள்ளே வடத்தை இறக்கும் பொறியில் பொருத்திச் சுற்ற வேண்டும். பனிக்காலம் முழுவதும் சாலையில் கொட்டும் உப்பு அந்த வடத்தைத் தின்றுவிடுகிறது. சுற்றினேன், அசையவில்லை. அடித்தேன், உதைத்தேன். விரல் நுனிகளில் உணர்ச்சி போன பிறகுதான் பொத்தென்று விழுந்தது. அழுத்தமானியை வைத்துப் பார்த்தால் 11 பிஎஸ்ஐ. பதினொன்று! இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியை அதன் மேல் எப்படி நிறுத்துவது?

நான்கு சக்கரங்களுக்காக வாரக்கணக்கில் கத்திய வண்டி, ஐந்தாவதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. என் கோபம் முழுவதும் இதில்தான்.

பணிமனையில் கேட்டேன். "ஸ்டெப்னிக்குள் காற்றை அளக்கும் சென்சார் கிடையாது, சட்டத்தில் அது தேவையில்லை" என்றார்கள். உண்மைதான், நானே தேடிப் படித்தேன். ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை உரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்குச் சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பர் முதல், சுமையோடு சேர்த்து 10,000 பவுண்டு (ஏறக்குறைய 4,500 கிலோ) வரையிலான புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் விளக்கு எரிய வேண்டும். இத்தனை நுணுக்கமாக எழுதியவர்கள் ஸ்டெப்னியை விட்டுவிட்டார்கள். 10,000 பவுண்டைத் தாண்டும் பெரிய பிக்கப்புகளையும் விட்டுவிட்டார்கள். டிரெய்லர் இழுத்துக்கொண்டு டயரை வதைக்கும் வண்டிகளே அவைதான்!

சில பிக்கப்புகளில் ஸ்டெப்னியிலும் சென்சார் உண்டு. அங்கே வேறு கூத்து. விளக்கு எரியும், நான்கு டயரையும் பார்த்தால் சரியாக இருக்கும், அடியில் தொங்குவதுதான் காரணம் என்று அந்த விளக்கு சொல்லாது. மக்கள் பணிமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள். இருந்தாலும் அதுவே மேல் என்பேன், எதையாவது சொல்கிறதே.

சென்சாரின் கதையும் கொடுமை. உள்ளே மூடி முத்திரையிட்ட பேட்டரி, ஏழெட்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும், அதற்கு டயரைக் கழற்ற வேண்டும். செத்துப்போன சென்சாருக்கும் அதே விளக்குதான்: ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு நிலையாக எரியும். அந்த ஒரு நிமிடத்தைக் கவனிக்கத் தவறினால் சென்சார் செத்ததா, டயர் சாகிறதா என்று எப்படித் தெரியும்?

ஸ்டெப்னி என்ற பெயரே 1904இல் வேல்ஸில், லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய உதிரிச் சக்கரத் தொழிலிலிருந்து வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் அதைக் கண்ணில் படும்படி வெளியே மாட்டினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து நாம் அதை உப்புச் சேற்றில் தொங்கவிட்டு மறந்துவிட்டோம். என் வண்டியில் அதன் வால்வு மேல்நோக்கி இருக்கிறது. காற்றைப் பார்க்க வேண்டுமானால் முழுதும் இறக்கியாக வேண்டும்.

அன்று இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. சின்னவன் குளிரில் அழுதுகொண்டே தூங்கிவிட்டான். டயரை மாற்றிக் காற்றும் பிடித்துக் கொடுத்தார்கள், விளக்கு அணைந்தது. "எல்லாம் சரி, கிளம்பலாம்" என்றார் பணிமனைக்காரர். ஸ்டெப்னியில் காற்று அடித்தீர்களா என்று கேட்டேன். அவர் விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அந்த மூன்று கம்பிகளையும் தேடப் போனார்.