கஸ்பர்ஸ் பாதரை நினைப்பவர்கள் ஒரு லயத்துக்குப் போங்கள்

அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் 1925இல் பிறந்து 2017 ஏப்ரலில் மறைந்தார். இயேசு சபைத் துறவி, ஒக்ஸ்போர்டில் படித்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் பிறந்தவரில்லை. ஆனாலும் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களின் உரிமைக்காக அவரைப்போல் அத்தனை காலம் விடாமல் நின்றவர்கள் மிகக் குறைவு. 1972இல் கண்டியில் சத்தியோதயாவைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒன்றாக இருந்து வேலை செய்த இடம் அது. தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய 1974இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவானதிலும், 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் பிறந்ததிலும் அவர் முன்னால் நின்றார்.

தோட்டத்தையும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுமே பெருந்தோட்ட முறையால் அடிபட்டவை என்பது அவர் பார்வை. அவரைப் பற்றி நாம் பேசும்போது இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறோம்.

அவர் நினைவாக இன்று செய்யக்கூடிய வேலை எது என்று கேட்டால், எங்கள் பதில் பத்திர வேலை, அதாவது சனங்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை போன்றவற்றில் உள்ள பிழைகளைத் திருத்த உதவுவது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் சனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை தீர்ந்தது என்று மேடையில் சொல்கிறோம். அரச கந்தோரில் இன்றும் கேட்பது துண்டைத்தான், அதாவது கையில் உள்ள பத்திரத்தை. அந்தத் துண்டில் பெயர் பிழை.

ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் லச்சுமி. 2014க்கு முன் எடுத்த அடையாள அட்டையில் சிங்களம் மட்டும், அதைத் தமிழில் வாசித்தால் லக்ஷ்மி. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் முதலெழுத்தாக. மாதாமாதம் அவரிடம் 8 வீதமும் தோட்டத்திடம் 12 வீதமும் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிருக்கும். பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55இல் அதை எடுக்கலாம். எடுக்கப் போகிற அன்றுதான் மூன்று பெயரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி வரும். முப்பது வருடம் மலை ஏறிய காசு ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டிரங்குப் பெட்டியில் உள்ள எல்லாத் துண்டுகளையும் திகதிப்படி அடுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதில் பிழை இருந்தால் அதைத் திருத்தி முடித்த பிறகே அடையாள அட்டை, அதற்குப் பிறகே சேமலாப நிதி. பலர் அவசரத்தில் அட்டையை முதலில் மாற்றுகிறார்கள், பிறகு சான்றிதழ் திருந்தியதும் அட்டைக்கு மறுபடி அலைகிறார்கள். வித்தியாசம் சின்னதென்றால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்டலாம். அதை ஏற்பார்களா என்று உரிய கந்தோரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு. பதிவே இல்லை என்று வயதானவர்கள் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். சொல்லும் வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. முன்னும் பின்னும் ஓரிரண்டு வருடம் சேர்த்துப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பெயரை வேறு எழுத்திலும் தேட வேண்டும். உண்மையிலேயே இல்லையென்றால் பள்ளிக்கூடப் பதிவு, ஞானஸ்நானச் சான்று, சாதகம், இவற்றில் கிடைப்பதைத் திரட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போகிற நாளில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குப் போக முடியாது, அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். பேரைத் திருத்தப் போய்ப் பேரை இழக்கிறவர்கள் எங்கள் பெண்கள். இரண்டாம் தடவை போகச் சொன்னால் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. நடமாடும் சேவை வருகிறதென்றால் துண்டுகளை முன்கூட்டியே சரிபார்த்து வைத்தால்தான் அந்த ஒரு நாள் பிரயோசனப்படும். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதம் நேர்முகத் திகதி முடிந்து கையில் கிடைப்பதும் உண்டு. விண்ணப்பத்தில் வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள்.

இதற்குக் காசு அதிகம் தேவையில்லை. ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கொப்பி, உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் போதும். சிங்கள எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழோடு ஒப்பிட ஒருவர் வேண்டும். அந்த ஆள் தோட்டத்தில் இல்லையென்றால் கீழே கிராமத்தில் இருக்கிறார், போய்க் கூப்பிடுங்கள். கஸ்பர்ஸ் பாதர் இருந்திருந்தால் முதலில் அங்கேதான் போயிருப்பார் என்று நம்புகிறோம்.