நோயாளியைக் கேட்பது டாக்டருக்குத் தெரியாததால் அல்ல

அண்ணா, "ஆஸ்துமாவுக்கு எந்த இன்ஹேலர் வேண்டும் என்று நோயாளியையே கேட்கிற டாக்டருக்கு வேலை தெரியாது, இரைப்பு வந்தால் உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலர் போதும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆஸ்துமா கட்டுக்குள் வராத 612 பெரியவர்கள் இருந்தார்கள். கூடிப் பேசிச் சிகிச்சையை முடிவு செய்தவர்கள், சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டவர்களைவிட ஒழுங்காக மருந்து எடுத்தார்கள்.

ஏன் என்று பார்த்தால் புரியும். பவுடர் இன்ஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்ப்ரே வகையை அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். முடக்குவாதத்தில் விரல் மடங்காத என் அம்மாவால் ஸ்ப்ரேயை அழுத்தவே முடியவில்லை. பினாங்கு கிளினிக்கில் டாக்டர் "அழுத்திக் காட்டுங்கம்மா" என்று கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுபவர், இவர்களெல்லாம் வாய் திறக்காமல் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைக் குறைக்காது. அதனால்தான் 2019 முதல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் அதை மட்டும் தருவதைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும். எந்தக் கருவி, எந்த நேரம் என்பதைப் பேசி முடிவு செய்யலாம். ஸ்டீராய்டு என்றாலே பயம் என்றால், சரி, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரில் அதன் அளவு மைக்ரோகிராம் கணக்குதான். இழுத்த பிறகு வாய் கொப்பளித்தால் வாயில் பூஞ்சைத் தொற்று வருவதும் குறையும்.